துரை ஏறினால் வரும் சத்தம்

அந்தக் காரில் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. அதற்கு முன் நான் ஓட்டியதெல்லாம் லாரியும் ஜீப்பும்தான். முதல் மூன்று நாளும் பழக்கத்தில் வலது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிடுவேன். முன்னால் பிடிக்க ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இறங்கி அந்தப் பக்கம் போவேன். வண்டி ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நெய்வேலியில் அனல் மின் நிலையம் ஒவ்வொரு பகுதியாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே கொதிகலன் வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் கார் அது. ஊருக்குத் திரும்பிப் போன வேறொரு துரையிடமிருந்து சென்னையில் வாங்கி வந்தாராம். நீளமாக, பளபளவென்று, ஒரு பக்கம் நின்று பார்த்தால் மறுபக்கம் தெரியாத வண்டி. எல்லாவற்றிலும் பெரிய அதிசயம், அதற்குள் குளிர் மிஷின் இருந்தது. ஒரு குமிழைத் திருப்பினால் டாஷ்போர்டிலிருந்து மார்கழி மாதத்துக் காற்று வரும். நெய்வேலி வெயிலில் பன்னிரண்டு மணிக்கு மார்கழி என்றால் யார் நம்புவார்கள்? என் மனைவியே நம்பவில்லை.

நான் அதிகம் படித்தவனில்லை. எட்டாவது வரை. இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பேன். துரைக்கும் இங்கிலீஷ் சொந்த பாஷை கிடையாது. அதனால் நாங்கள் இருவரும் அந்த பாஷையில் சரிசமமாகத் தப்புச் செய்துகொண்டு நன்றாகவே பேசிக்கொண்டோம். "மெதுவா", "சரி", "போதும்" என்று மூன்று தமிழ் வார்த்தை அவருக்கு வரும். ஆள் ஆறடிக்கு மேல். நெல் மூட்டை போலக் கனம். பின்சீட்டில் உட்காரமாட்டார். என் பக்கத்திலேயே முன்சீட்டில் உட்காருவார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

என்னை ஷெட்டில் எல்லாரும் பூசாரி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பூசை செய்கிறவன் இல்லை. விடியற்காலையில் குளித்து, நெற்றி நிறைய திருநீறு இட்டுக்கொண்டு வேலைக்கு வருவேன், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போவேன். அங்கே கொடுக்கும் திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து வண்டியில் வைப்பேன். லாரி ஓட்டியபோதும் அப்படித்தான். இந்தக் காரில் சாமிக்கு எங்கே இடம் என்று முதல் நாளே தேடினேன். முன் கண்ணாடிக்கு அடியில், டாஷ்போர்டின் மேல் விளிம்பில், நீளமாக ஒரு பிளவு இருந்தது. ஒரு அங்குல உயரத்தில் என்னிடம் ஒரு பித்தளை வேல் உண்டு. அதை நட்டு வைக்க அளவெடுத்து வெட்டினதுபோல் இருந்தது அந்தப் பிளவு. வேலை அங்கே நிறுத்தினேன். பக்கத்தில் பொட்டலத்தைச் செருகினேன். அரளிப்பூ ஒன்று வைத்துக் கும்பிட்டுவிட்டு, துரை ஏறுமுன் பூவை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். துரை ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அந்தப் பிளவு எதற்காக இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. பெரிய வண்டியில் எத்தனையோ இருக்கும், அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

அப்போது நான் டெம்பரரி. துரைக்கு ஆறு மாதம் ஓட்டி, அவர் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பர்மனென்ட். பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் என்னோடு வந்து இருக்க முடியும். அதுவரை அவர்கள் குறிஞ்சிப்பாடியில் மாமனார் வீட்டில். அங்கே கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். மச்சான் குடும்பம் வேறு. நான் இங்கே ஆறு பேரோடு ஒரு அறையில் கயிற்றுக் கட்டிலில். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போவேன். சின்னவளுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. நான் போய்த் தூக்கினால் வீறிட்டு அழுவாள். யாரோ ஒரு ஆள் வந்து தூக்குகிறான் என்ற பயம். சாயங்காலம் கொஞ்சம் பழகி என் மடிக்கு வருவாள், அப்போது எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அடுத்த ஞாயிறு மறுபடியும் முதலிலிருந்து.

ஒவ்வொரு வாரமும் என் மனைவி கேட்பது ஒன்றுதான். "பேப்பரு வந்துச்சாங்க?"

"வரும். முருகன் பாத்துக்குவான்."

"முருகனாண்ட நானும் சொல்லிகினுதான் இருக்கேன். நீங்க துரையாண்டயும் கொஞ்சம் சொல்லுங்க."

ஐந்து மாதம் முடிந்து ஆறாவது மாதம் ஆரம்பித்தபோதுதான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் டிக், டிக் என்று எப்போதாவது. பிறகு டர்ர்ர் என்று ஓலைப் பெட்டிக்குள் வண்டு சிக்கினதுபோல். துரை தலையைச் சாய்த்துக் கேட்பார். டாஷ்போர்டை விரலால் தட்டுவார். நிற்கும், மறுபடி வரும். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. துரை இறங்கும்போது அவருடைய கோட்டுக் கையிலும் மடியிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி படிந்திருக்கும். தட்டிவிட்டுக்கொண்டு, தூரத்தில் தெரியும் மின் நிலையத்துப் புகைபோக்கியை நிமிர்ந்து பார்ப்பார். முகம் சுருங்கும். ஒரு நாள் அந்தத் தூசியை ஒரு கவரில் கூட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அது எதற்கென்று புரியவில்லை.

பிறகு ஷெட்டுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார்: குளிர் மிஷினில் சத்தம், உடனே பார்க்கவும்.

எங்கள் ஃபோர்மேன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. கை சுத்தமான வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். பானட்டைத் திறந்தார். மிஷினைச் சுற்றும் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், சோப்புத் தேய்த்துப் பார்த்தார். மிஷினைத் தாங்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தார். சத்தமே இல்லை.

"எங்கவே சத்தம்?"

"துரை உக்காந்தா வருது அண்ணாச்சி."

"நீரு தனியா ஓட்டும்போது?"

"வரல."

"நல்லா இருக்கே கதை! துரை ஏறினா வரும், எறங்கினா நின்னுரும். அப்போ சத்தம் மிஷின்ல இல்ல, துரைக்குள்ள இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சொன்னது உண்மை. நான் தனியாக எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். மேடு, பள்ளம், திருப்பம், ரயில்வே கேட்டின் தண்டவாளம் எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கிவிட்டேன். கார் பூனை மாதிரி போகும். துரையைக் கூட்டிவரப் போய், அவர் ஏறி உட்கார்ந்து இரண்டு பர்லாங் போவதற்குள் டர்ர்ர்.

அண்ணாச்சி இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "துரை கனமான ஆளு. முன்சீட்டுல அவரு உக்காந்ததும் வண்டி அந்தப் பக்கம் சாயுது. சாய்ஞ்சதும் மிஷின் எதிலயோ போய் உரசுது. அவரு எடைக்குச் சமமா ஏத்தி ஓட்டிப் பாப்போம்."

கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து இரண்டு சாக்கு மணல் கொண்டுவந்தோம். துரையின் எடை என்ன என்பதில் ஷெட்டில் இரண்டு கட்சி. ஒரு கட்சி தொண்ணூறு கிலோ என்றது, ஒரு கட்சி நூற்றுப்பத்து என்றது. நடுவாக நூறு என்று தீர்ப்புச் சொல்லி, சாக்குகளை முன்சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திக் கயிற்றால் கட்டினார் அண்ணாச்சி. சீட்டு அழுக்காகாமல் அடியில் பழைய போர்வை. அவர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

டவுன்ஷிப்பின் பிளாக் தெருக்களில் ஓட்டினோம். சத்தம் இல்லை. பக்கத்து ஊரான வடக்குத்து வரை போனோம். இல்லை. அங்கே சாலையோரம் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, மணலு காருல போவுது! நாங்கல்லாம் வெயில்ல நடந்துகினு போறோம்!"

"துரைக்குப் பதிலா போவுது ஆத்தா," என்றார் அண்ணாச்சி.

"துரையவிட இது அடக்கமாத்தான் இருக்குது," என்று சொல்லி, சாக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார் அந்த அம்மா.

திரும்பி வரும்போதும் சத்தம் இல்லை. ஷெட்டில் இறங்கியதும் அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒம்ம பேப்பரு எம் மேஜையிலதான் கெடக்கு. துரை கையெழுத்துப் போடணும். இந்த மாசக் கடைசிக்குள்ள போனாத்தான் இந்த லிஸ்ட்டுல சேரும். நேத்து துரை எங்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? இந்த டிரைவர் வந்த பொறவுதானே சத்தம் வந்துச்சுன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?"

மாதக் கடைசிக்குப் பத்து நாள்கூட இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். மனைவி கேட்கும் முன் நானே நடந்ததைச் சொன்னேன். அவள் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சின்னவளை இடுப்பில் வைத்தபடி, கேட்டுக்கொண்டாள். கோபிக்கவில்லை. "ஒரு சத்தந்தானே. எங்கியோ இருந்துதானே வரணும். தேடுங்க, கெடைக்கும்," என்றாள். பெரியவள் மட்டும், "அப்பா, அந்தக் காருக்குள்ள பேயி இருக்குதா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை கோயிலில் நெடுநேரம் நின்றேன். இன்னது வேண்டும் என்று நான் முருகனிடம் கேட்பது வழக்கமில்லை. அன்று கேட்டேன். புதுப் பொட்டலம் திருநீறு வாங்கிக் கொண்டுவந்து வண்டியில் அதே இடத்தில் செருகினேன். வேல்தான் இல்லை. அது காணாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பொட்டலங்களும் வாரா வாரம் காணாமல்தான் போயின. வண்டி துடைக்கிறவர் எடுத்துக் குப்பையில் போடுகிறார் என்று எனக்கு அவர்மேல் மனத்தாங்கல். கேட்டால் சண்டை வரும் என்று கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஐஸ் பாய் வந்தார்.

கடலூர் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடும் ஃபாக்டரியில் மிஷின் பார்ப்பவர் அவர். விருந்தினர் விடுதியில் பெரிய குளிர்பெட்டி ஒன்று இருந்தது, அதைப் பார்க்க மாதம் ஒரு தடவை நெய்வேலிக்கு வருவார். வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட கைலி, தோளில் கான்வாஸ் பை. திரும்பிப் போக லாரி கிடைக்குமா என்று பார்க்க ஷெட்டுக்குள் நுழைந்தவர், நாங்கள் நாலைந்து பேர் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார்.

"இன்னா அண்ணாச்சி, உள்ள யாராச்சும் வுழுந்துட்டாங்களா?"

அண்ணாச்சி கதையைச் சொன்னார். மணல் சாக்கு வரைக்கும் விடாமல் சொன்னார். பாய் சிரிக்காமல் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க தனியா ஓட்டறப்போ குளுரு போட்டுகினு ஓட்டினீங்களா?"

"இல்லீங்க பாய். அத நாங்க தொடக்கூடாது."

"மணலுக்கு?"

"மணலுக்கும் போடல."

பாய் தன் பையை மெதுவாகக் கீழே வைத்தார். "குளுரு மிஷின்ல சத்தம்னு துரை எழுதி அனுப்பறாரு. நீங்க ஒரு மாசமா அத நிறுத்தி வச்சிகினு சத்தம் தேடறீங்க!"

எங்களிடம் அதற்குக் காரணம் இருந்தது. எனக்கு முன் இருந்த டிரைவர் ஒரு நாள் மிஷினைப் போட்டுக்கொண்டு காருக்குள் தூங்கிவிட்டார். பேட்டரி இறங்கி, துரை வெயிலில் நடந்து போனார். அன்றே ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது: துரையைத் தவிர யாரும் அந்தக் குமிழைத் தொடக்கூடாது. உள்ளே இருக்கும் வாயு போய்விட்டால் சென்னையில்கூட அடைக்க ஆளில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தோம். அண்ணாச்சி போட்டார், வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் போட்டேன், வண்டி துடைக்கிறவர் கைநாட்டு வைத்தார். துரை ஏறுவார், உடனே குமிழைத் திருப்புவார். இரண்டும் ஒன்றாகவே நடந்ததால் துரையைத்தான் நாங்கள் பார்த்தோமே ஒழிய அவர் கையைப் பார்க்கவில்லை. உத்தரவு இல்லாவிட்டாலும் நான் தொட்டிருக்கமாட்டேன். துரைக்கு என்று வைத்த குளிரில் நான் தனியாக உட்கார்ந்து போவது எனக்குத் தோன்றியே இருக்காது.

"ஆர்டர் இருக்கு பாய்," என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் வெட்கத்தோடு.

"ஒங்களுக்குத்தானே ஆர்டரு? எனக்கு யாரும் குடுக்கலியே," என்று சொல்லி பாய் காருக்குள் ஏறி உட்கார்ந்தார். என்னை எஞ்சினைப் போடச் சொன்னார். குமிழைத் திருப்பினார்.

டர்ர்ர்.

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் ஓ என்று கத்தினோம். வாசலில் நின்ற லாரி டிரைவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். ஒரு மாதமாகத் தேடின சத்தம், துரை இல்லாமல், மணல் இல்லாமல், நின்ற இடத்தில் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தத்தைக் கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"இப்ப எஞ்சின நிறுத்துங்க. சாவிய மட்டும் திருப்பி வைங்க," என்றார் பாய். எஞ்சின் நின்றது. சத்தம் நிற்கவில்லை. "பாத்தீங்களா? எஞ்சின் நின்னுச்சு, பெல்ட்டு நின்னுச்சு, முன்னாடி இருக்கற மிஷினும் நின்னுச்சு. இன்னும் கேக்குதுன்னா அதுங்க மேலல்லாம் பழி இல்ல. இப்ப சுத்தறது காத்தாடி ஒண்ணுதான்." குமிழைக் கொஞ்சம் குறைத்தார். டர்ர்ர் என்பது டிக், டிக், டிக் ஆனது. கூட்டினார், மறுபடி டர்ர்ர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை டாஷ்போர்டுக்கு அடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வைத்தியர் நாடி பார்க்கும்போது வீட்டார் நிற்பதுபோல் நாங்கள் சுற்றி நின்றோம்.

"காத்தாடி கூண்டுக்குள்ள என்னமோ வுழுந்து கெடக்குது. சுத்தறப்போ அடிபடுது. எலி எதாச்சும் கூடு கட்டிச்சோ என்னமோ."

குமிழைத் திருப்பி நிறுத்திவிட்டு, மல்லாந்து படுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். நாலு திருகாணியைக் கழற்றினார். தகர மூடியை இழுத்தபோது அவர் கை எங்கோ பட்டுக் காத்தாடி ஒரு சுற்றுச் சுற்றியது. சாவியை நிறுத்த நான் மறந்துவிட்டிருந்தேன்.

புஸ் என்று ஒரு வெள்ளைப் புகை.

பாய் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். நெற்றி, புருவம், மூக்கு, தாடி எல்லாம் வெண்மை. தொப்பியில் மட்டும் தெரியவில்லை, அது முன்பே வெள்ளை. அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, விரலை மோந்து பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார்.

"இது கரிச்சாம்பல் இல்லியே. எங்க தெரு பூக்காரம்மா வூட்டு வாசன இல்ல வருது!"

மூடியோடு சேர்ந்து கீழே விழுந்தவை: மடித்த காகிதப் பொட்டலங்கள் இருபத்துநாலோ இருபத்தைந்தோ, பாதிக்குமேல் கிழிந்து. நான் எடுக்க மறந்து, காய்ந்து சருகான அரளிப்பூ இரண்டு. அவற்றின் நடுவில், ஓரமெல்லாம் தேய்ந்து பளபளவென்று, என் பித்தளை வேல்.

அந்தப் பிளவு குளிர்காற்று மேலே வரும் வாய் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் செருகிய ஒவ்வொன்றையும் அது உள்ளே விழுங்கியிருக்கிறது.

அண்ணாச்சிதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். அவருக்குத் தோள் குலுங்கியது. "பூசாரி! பாய்க்கே திருநீறு பூசிட்டீரேவே!" என்று சொல்லிவிட்டு மணல் சாக்கின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாயும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கத் தாடியிலிருந்து திருநீறு உதிர்ந்தது. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். வண்டி துடைக்கிறவரைப் போய்க் கும்பிட்டு, "மன்னிச்சுக்குங்க அண்ணே," என்றேன். அவருக்கு எதற்கென்றே தெரியவில்லை.

சிரிப்பு அடங்கினதும் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "இத யாரும் வெளிய மூச்சுவிடப் படாது. காத்தாடியில ஒரு நட்டு லூஸா இருந்துச்சு, முறுக்கியாச்சுன்னு எழுதுதேன். துரை கையெழுத்துப் போட்டுருவாரு. என்ன பாய்?"

"நான் பாத்தது நட்டுதான்," என்றார் பாய், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே.

நல்ல மனசு இருவருக்கும். என் குடும்பம் ஒன்று சேர வேண்டும் என்ற எண்ணம்தான். எனக்கும் சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. குறிஞ்சிப்பாடியும், அழுகிற சின்னவளும் கண்முன் வந்தார்கள். ஆனால் கையில் அந்தப் பித்தளை வேல் இருந்தது. துரை கோட்டில் ஒரு மாதமாகப் படிந்தது சாமி கொடுத்த திருநீறு. அதை இல்லை என்று சொல்லிவிட்டு நாளைக் காலையில் அதையே எடுத்து எப்படி நெற்றியில் இடுவேன்? அதுவும், கேட்டது முருகனிடம். அவன் பாயை அனுப்பிக் காட்டிக்கொடுத்தான். காட்டியதை நான் மறைப்பதா?

"அண்ணாச்சி, நான் போய் துரையாண்ட சொல்லிடறேன்," என்றேன்.

"ஓய், பேப்பரு போயிரும்வே!"

"போனா போவுது அண்ணாச்சி." சொல்லிவிட்டு, பொட்டலங்களைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டேன்.

சாயங்காலம் மின் நிலையத்தில் துரையின் ஆபீசுக்குப் போனேன். மேஜையில் பொட்டலங்களையும் வேலையும் வைத்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த இங்கிலீஷ் மறந்துபோயிற்று.

"சார். கார் சவுண்டு. மை மிஸ்டேக் சார். திஸ் மை காட் ஆஷ். ஐ புட். ஃபேன் ஈட்."

துரை ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். சட்டென்று நிமிர்ந்தார். "ஆஷ்? யுவர் ஆஷ்? நாட் பாய்லர் ஆஷ்?"

"நோ சார். பாய்லர் நோ. கவ் சார்."

"கவ்?"

மாட்டுச் சாணத்தை எரித்துச் செய்வது என்பதை நான் எப்படி விளக்குவேன்? தலைக்குமேல் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைத்தேன். பின்பக்கம் காட்டினேன். தீ எரிவதுபோல் கையை ஆட்டினேன். துரை கண் இமைக்காமல் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டு, அதன்மேல் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். அந்த ஆள் சிரித்து நான் பார்த்ததில்லை. நாற்காலி ஆடியது. பக்கத்து அறையிலிருந்து எழுத்தர் ஓடிவந்தார்.

அந்த எழுத்தர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். காருக்குள் விழுவது தன்னுடைய கொதிகலனிலிருந்து பறக்கும் சாம்பல் என்று துரை நினைத்திருக்கிறார். தான் நின்று மாட்டிய சாம்பல் பிடிக்கும் இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை என்று அவருக்குக் கவலை. கவரில் கூட்டிய தூசியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். இது பழுப்பு நிலக்கரிச் சாம்பல் இல்லை, என்ன என்றும் தெரியவில்லை என்று பதில் வந்திருக்கிறது; அவர் தட்டிச் சிரித்த காகிதம் அதுதான். அதற்குப் பிறகு அவருக்குக் கவலை இரண்டு மடங்கு. இரண்டு வாரமாகக் கொதிகலனைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு மூட்டாகத் தேடிக்கொண்டிருந்தாராம். மறுநாள் அதை நிறுத்திக் கழற்றிப் பார்ப்பதாக இருந்ததாம்.

"நீ மட்டும் இன்னிக்கு வந்து சொல்லலன்னா, நாளைக்கு அந்த யூனிட்டே நின்னிருக்கும்யா," என்றார் எழுத்தர்.

துரை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாய்லர் நோ! கவ்! குட் கவ்!" என்று சொல்லிச் சொல்லிக் குலுக்கினார். பித்தளை வேலை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் அந்தப் பிளவின்மேல் வைக்க மெல்லிய கம்பி வலை வெட்டி ஷெட்டுக்கு அனுப்பினார். கூடவே என் பேப்பரும் வந்தது. அண்ணாச்சி அதைப் படித்துக் காட்டினார். திருப்தி என்ற இடத்தில் மிகவும் என்று ஒரு வார்த்தையைத் துரை தன் கையாலேயே சேர்த்து எழுதியிருந்தார்.

குவார்ட்டர்ஸ் கிடைக்க மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை, இடுப்பில் சின்னவள், கையைப் பிடித்துக்கொண்டு பெரியவள். பால் காய்ச்சினோம். அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார். பாய் கடலூரிலிருந்து சாக்கில் மரத்தூள் வைத்துச் சுற்றி ஒரு பெரிய ஐஸ் பாளம் கொண்டுவந்தார். அதை உடைத்துப் பானகத்தில் போட்டோம். அக்கம்பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் ஐஸுக்காகவே வந்து எங்களுக்குச் சொந்தமாகிவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு முருகன் படத்தை மாட்ட ஆணியை எடுத்தேன். முன்னறையில் கிழக்குச் சுவரில் மாட்டலாம் என்றேன். சமையலறைக்குப் பக்கத்தில்தான் மாட்ட வேண்டும், அங்கேதான் எந்நேரமும் இருப்பேன் என்றாள் அவள்.

"வூட்டுக்கு வரவங்க சாமியப் பாக்க வேணாமா?" என்றேன்.

"வரவங்க என்னப் பாக்கட்டும். சாமி என்னாண்ட இருக்கட்டும்."

"நான் அடிக்கற ஆணி, நான் சொல்ற இடத்துலதான்."

"அப்ப சுத்தியல இப்படிக் குடுங்க."

பெரியவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரம் நடந்தது அந்தச் சண்டை. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷத்தில், யாராவது கேட்டுவிடுவார்களே என்று பயப்படாமல், சத்தம் போட்டு நாங்கள் போட்ட முதல் சண்டை அதுதான். படம் சமையலறைக்குப் பக்கத்தில்தான் மாட்டப்பட்டது.